தோம்பா, பேசினா? கலங்கல் தெளியும் கணக்கு

மூன்று நாள் தண்ணீர்த் தடை முடிந்த இரவு கோலாலம்பூர் செந்தூலில் மாமா வீட்டில் இருந்தேன். குழாயைத் திறந்ததும் முதலில் காற்று சீறியது, அப்புறம் தே தாரிக் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. தெருக் குழாய்களின் அடியில் படிந்து கிடந்த துருவும் மண்ணும், நின்றுபோன ஓட்டம் திடீரெனத் திரும்பும்போது கிளம்பி வந்துவிடும். மாமா இடுப்பளவு உயரமுள்ள நீலத் தோம்பைக் குழாயடியில் இழுத்து வைத்தார். அத்தை துணி துவைக்கும் அகலமான பேசினைக் கொண்டு வந்தார். “பேசின்ல எங்க மண்ணு எறங்கும்? ஆழம் இருந்தாத்தானே கீழ போயி நிக்கும்?” என்றார் மாமா. அத்தை பேசினை எடுக்கவில்லை. வேதிப் பொறியியல் படித்தவன் ஒருவன் வீட்டில் இருந்ததால் வழக்கு என்னிடம் வந்தது.

அத்தை பக்கம்தான் தீர்ப்பு. மண் துகள் தண்ணீரில் இறங்கும் வேகத்துக்கும் பாத்திரத்தின் ஆழத்துக்கும் சம்பந்தம் கிடையாது. தோம்பானாலும் பேசினானாலும் அது ஒரே வேகத்தில்தான் இறங்கும். மேல்மட்டத்தில் நிற்கும் கடைசித் துகள் அடியைத் தொட எவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டும் என்பதைப் பார்த்தால் போதும். தோம்பில் ஒரு மீட்டர், பேசினில் 20 சென்டிமீட்டர். பேசின் ஐந்து மடங்கு சீக்கிரம் தெளிந்துவிடும். மாமாவுக்கும் ஒரு நியாயம் உண்டு: தோம்பில் அடியைக் கலக்காமல் மேலாக மொள்ளலாம், பேசினில் கை வைத்தாலே மண் எழும்பிவிடும். ஆனால் அது மொள்ளும் சிக்கல், தெளியும் சிக்கல் அல்ல.

மாமாவைக் குறை சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆழமான தொட்டி என்றால் அதிக மண்ணை விழுங்கும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தக் கணக்கை உடைப்பதற்குத்தான் இந்தத் துறையில் பாதிப் பாடம்.

1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஒரு சிறிய கோளம் திரவத்தில் இறங்கும் வேகத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார். அவர் அப்போது சேற்றைப் பற்றி யோசிக்கவில்லை. ஊசல் காற்றில் ஆடும்போது அதன் ஆட்டத்தைக் காற்று எப்படித் தடுக்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. அதே கணக்கைக் கொண்டு மேகத்தில் உள்ள நீர்த்துளிகள் ஏன் சட்டென்று விழாமல் மிதக்கின்றன என்பதையும் விளக்கினார். அவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: துகளுக்கும் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம் கூடினால் வேகம் கூடும், திரவம் பிசுபிசுப்பாக இருந்தால் வேகம் குறையும், துகளின் விட்டம் இரட்டிப்பானால் வேகம் நான்கு மடங்காகும். இந்த மூன்றில் கடைசிதான் எல்லாரையும் ஆட்டி வைப்பது. வேகம் விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது.

நம் ஊர்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணல் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் 2 நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டல் துகளுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். இன்னும் பத்தில் ஒரு பங்காக, ஒரு மைக்ரான் அளவில், களிமண் துகள் இருந்தால் ஏறக்குறைய 11 நாள். அதற்கும் கீழே போனால் கணக்குப் போட்டே பயனில்லை; நீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடித்துத் தள்ளுவதால் துகள் இறங்குவதையே மறந்துவிடும். ஒரு சின்ன ஆறுதல் உண்டு. வெதுவெதுப்பான நீரைவிடக் குளிர்ந்த நீர் கொஞ்சம் அதிகமாகப் பிசுபிசுக்கும். 10 டிகிரி நீரோடு போராடும் குளிர்நாட்டுப் பொறியாளரைவிட, நம்முடைய மண் ஒன்றரை மடங்கு வேகமாக இறங்குகிறது. கோலாலம்பூர் வெயிலைத் திட்டாதவர் கிடையாது. நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்பவர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திட்டலாம்.

இனி ஓடும் தண்ணீருக்கு வருவோம். தோம்பில் தண்ணீர் சும்மா நிற்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டியில் ஒரு பக்கம் கலங்கல் நுழைந்துகொண்டே இருக்க, மறுபக்கம் தெளிந்தது வழிந்துகொண்டே இருக்க வேண்டும். இங்கே ஆழம் உதவுமா? தொட்டியை இருமடங்கு ஆழமாக வெட்டினால் தண்ணீர் அதில் இருமடங்கு நேரம் தங்கும், உண்மைதான். ஆனால் துகள் இறங்க வேண்டிய தூரமும் இருமடங்காகிவிட்டது. இந்தக் கையில் கிடைத்தது அந்தக் கையில் போய்விட்டது. மிஞ்சுவது தொட்டியின் பரப்பு மட்டும்தான். அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் 1904-இல் இதை எழுதி வைத்தார். ஒரு நாளைக்கு வரும் நீரைத் தொட்டியின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் வேகத்தைவிட எந்தத் துகள் வேகமாக இறங்குகிறதோ அது மாட்டிக்கொள்ளும், மற்றதில் ஒரு பங்கு தப்பித்துப் போகும். ஆழத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. தொட்டிகள் மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் கட்டப்படுவது அடியில் சேரும் கசடுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவும், ஓட்டம் அந்தக் கசடைக் கிளறிவிடக் கூடாது என்பதற்காகவும்தான்.

ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அது அப்படியொன்றும் பெரிய நிலையம் அல்ல. அந்த ஒரு மைக்ரான் களிமண்ணை வெறும் பொறுமையால் மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் சுமார் 150 கால்பந்துத் திடல் பரப்பில் தொட்டி வெட்ட வேண்டும். யார் நிலம் தருவார்கள்? உண்மையில் அரைத் திடலைவிடச் சற்றே பெரிய தொட்டி போதுமாகிறது. 150-க்கும் அரைக்கும் நடுவில் நின்று வேலை செய்வது படிகாரம்.

நம் பாட்டிமார் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசித் தண்ணீர் தெளிய வைத்ததும், கிணற்றுத் தண்ணீரில் படிகாரக் கட்டியைச் சுற்றி எடுத்ததும் இதே வேலைதான். களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. எல்லாத் துகளிலும் ஒரே மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு காலமெல்லாம் தனித்தனியாகவே திரியும். படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்த மின்னூட்டத்தை அடக்குகிறது. அதோடு நீரில் கொழகொழவென்று அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறி, துகள்களைச் சேர்த்து ஒட்டவைக்கிறது. முதலில் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்க வேண்டும், அப்புறம் இருபது முப்பது நிமிடம் மெல்ல மெல்லக் கிளற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசு, பஞ்சுப் பிசிறு போல அரை மில்லிமீட்டர் அளவுக்குத் திரளும். ஃபிளாக் என்று நிலையத்தில் சொல்வார்கள். அதற்குள் பெரும்பகுதி தண்ணீர்தான், நீரைவிட ஒரு துளிதான் கனம் அதிகம். அப்படியானால் மெதுவாகத்தானே இறங்க வேண்டும்? இல்லை. விட்டம் 500 மடங்கு பெருகினால் வர்க்கக் கணக்கில் அது இரண்டரை லட்சம் மடங்கு. கனத்தில் இழந்ததை அளவு பல மடங்காகத் திருப்பித் தந்துவிடுகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பயிற்சிக்குப் போயிருந்த ஒரு நிலையத்தில், பெருமழைக்கு மறுநாள் ஆற்றுநீர் சட்டென்று கலங்கியது. பதினெட்டாம்படிக் கருப்பன் போலக் கண்களை உருட்டிக்கொண்டு கலங்கல் மானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜார் டெஸ்ட் என்று ஒன்று உண்டு: ஆறு கண்ணாடிக் குவளைகளில் அதே ஆற்றுநீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு படிகாரம் போட்டு, துடுப்புகளால் ஒரே சீராகக் கிளறி, எது சீக்கிரம் தெளிகிறது என்று பார்ப்பது. எனக்கு அதற்குப் பொறுமையில்லை. கலங்கல் கூடியிருக்கிறது, மருந்தைக் கூட்டுவோம் என்று படிகாரத்தை ஏற்றினேன். தெளியவில்லை. இன்னும் ஏற்றினேன். தொட்டியின் விளிம்பில் வழியும் தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்தது. ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்த ஒரு பாக் சிக் (மலாய்ப் பெரியவர்) வந்து, குவளையில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: “காப்பூர்.” சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பு.

விஷயம் இதுதான். கருங்கல் மலைகளிலிருந்து இறங்கி வரும் நம் ஆறுகளின் நீர் மென்மையானது, அமிலத்தை ஈடுகட்டும் காரம் அதில் குறைவு. படிகாரம் போடப் போட நீர் அமிலமாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் அலுமினியம் கொழகொழப்பாகத் திரளாமல் நீரிலேயே கரைந்து நின்றுவிடும். நான் போட்ட மருந்தே மருந்தின் வேலையைக் கெடுத்திருக்கிறது. சுண்ணாம்புப் பால் விட்டு அரை மணி நேரத்தில் பஞ்சு தெரிந்தது. அதற்குப் பிறகு ஜார் டெஸ்ட் செய்யாமல் நான் எந்தக் கைப்பிடியையும் தொட்டதில்லை.

சுகாதார அமைச்சின் தரப்படி, நிலையத்துக்குள் வரும் ஆற்றுநீரின் கலங்கல் 1000 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு) வரை இருக்கலாம், வெளியே போகும் குடிநீரில் 5-க்கு மேல் இருக்கக் கூடாது. இருநூறில் ஒன்றாகக் குறைக்க வேண்டிய இந்த வேலையில் பெரும்பங்கு படிவுத் தொட்டியுடையது. மிச்சத்தை மணல் வடிகட்டி பார்த்துக்கொள்கிறது. தொட்டி தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் வடிகட்டி சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் இந்தத் தொட்டியிடம் கேட்கக் கூடாது: கரைந்திருப்பதைப் பிடிப்பது. 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் ஆற்றில் கலந்த ரசாயன வாடையால் சிலாங்கூர் ஆற்றை நம்பிய 4 நிலையங்கள் மூடப்பட்டு, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. துகளாக இல்லாதது இறங்காது. படிகாரத்தை எத்தனை மூட்டை கொட்டினாலும் இறங்காது.

ஹேசனுக்கே ஒரு யோசனை தோன்றியது. பரப்புதான் கணக்கு என்றால், தொட்டியின் பாதி ஆழத்தில் இன்னொரு தரை போட்டால் என்ன? அதே குழிக்குள் பரப்பு இரண்டாகிவிடும். பத்துத் தட்டு போட்டால் பத்து மடங்கு. இட்லிக் கொப்பரையின் தட்டுகளை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் தட்டையான தட்டில் சேரும் கசடை யார் வழிப்பது? தட்டைச் சாய்த்துவிட்டால் கசடு தானாகவே சறுக்கி அடிக்குப் போய்விடும். 55 முதல் 60 டிகிரி வரை சாய்த்த தகடுகள் அல்லது குழாய்க் கொத்துகள்தான் இன்று இடநெருக்கடி உள்ள நிலையங்களில் வைக்கப்படுகின்றன. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், துகள் நேர்கீழாகப் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் போதும், தரை கிடைத்துவிடும். சாய்த்த தகடு எவ்வளவு பரப்புக்குச் சமம் என்று கேட்டால், உச்சி வெயிலில் அது தரையில் போடும் நிழலைப் பாருங்கள் என்பேன். 60 டிகிரியில் நிழல் தகட்டில் பாதி. இன்னும் செங்குத்தாக்கினால் கசடு நன்றாகச் சறுக்கும், நிழல் குறுகிவிடும். படுக்கவைத்தால் நிழல் பெரிதாகும், கசடு உட்கார்ந்துவிடும். 60 என்பது ஒரு சமரசம்.

சாய்வின் மகிமையைக் கவனித்து எழுதியது பொறியாளர் அல்ல, ஒரு மருத்துவர் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆர்தர் பாய்காட் என்ற ஆங்கிலேய நோயியலாளர், சோதனைக் குழாய்களில் நிற்கும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக நிறுத்திய குழாயைவிடச் சாய்ந்திருந்த குழாயில் ரத்த அணுக்கள் வேகமாக அடியில் படிந்தன. 1920-இல் அதை ஒரு சிறு குறிப்பாக எழுதினார். சாய்ந்து நின்ற குழாய்களை அவர் அலட்சியம் செய்யாமல் பார்த்ததுதான் பெரிய விஷயம்.

கோலாலம்பூரின் பெயரே ‘சேறு கூடும் இடம்’ என்பதுதான். கோம்பாக்கும் கிள்ளானும் சேரும் மூலையில், 1909-இல் கட்டிய மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலின் படிக்கட்டருகே நின்றால் மழைக்குப் பின் இரண்டு நிறங்கள் கலப்பது தெரியும். 1857-இல் ஈயம் (டின் எனப்படும் வெள்ளீயம்) தேடி 87 பேர் கிள்ளான் ஆற்றில் மேலேறி அம்பாங் பக்கம் போனதிலிருந்து ஊரின் கதை தொடங்குகிறது. ஈயலம்பங்களில், அதாவது ஈயச் சுரங்கங்களில், நடந்ததும் படிவுத் தொழில்தான், ஆனால் தலைகீழாக. தண்ணீர்க்காரனுக்கு அடியில் இருப்பது கழிவு, ஈயக்காரனுக்கு அடியில் இருப்பதுதான் காசு.

ஈயத்தாதுவின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு, மணலுடையது 2.65 மடங்கு. தரையில் வைத்துப் பார்த்தால் ஈயம் மணலைவிட 2.6 மடங்கு கனம். தண்ணீரில் மூழ்கவைத்தால் இரண்டுமே ஒரு பங்கு கனத்தை இழக்கின்றன: ஏழு ஆறாகிறது, 2.65 என்பது 1.65 ஆகிறது. இப்போது வித்தியாசம் 3.6 மடங்கு. எடையைக் குறைத்து வித்தியாசத்தைப் பெருக்கும் தராசு போல வேலை செய்கிறது தண்ணீர். ஆற்றில் டுலாங் என்ற அகல மரத்தட்டைச் சுழற்றிய ஹக்கா சீனப் பெண்களுக்கு இந்தப் பின்னம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. நம் வீடுகளிலும் அதே மணிக்கட்டு இருந்தது. உட்புறம் வரிவரியாக மேடு வைத்த அரிக்கன்சட்டியில் அரிசியைத் தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி ஊற்றினால் அரிசி போய்விடும், கல் வரிகளில் தங்கிவிடும். சுரங்கத்தில் மரச்சாரத்தின் மேல் நீண்டு கிடந்த பாலோங் என்ற மரக் கால்வாயின் குறுக்குக் கட்டைகளும் அதே வரிகள்தான், அளவில் பெரியவை. தூற்றுதல், புடைத்தல், கொழித்தல், சலித்தல், அரித்தல், இறுத்தல் என்று தமிழில் ஒவ்வொரு பிரிப்புக்கும் தனிச்சொல் இருக்க, எங்கள் வகுப்பில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ‘செப்பரேஷன்’ என்று முடித்துவிட்டார்கள்.

இதில் ஒரு சூது இருக்கிறது. வேகம் விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால், ஈயத் துகளைவிட 1.9 மடங்கு பெரிய மணல் துகள் அதே வேகத்தில் இறங்கும். தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் முதலில் சலிப்பு, அப்புறம் அரிப்பு. அளவால் ஒன்றுபடுத்திய பிறகே கனத்தால் பிரிக்க முடியும். பாட்டி அரிசியைச் சலிக்காமல் அரித்தது எப்படி என்று கேட்காதீர்கள்; அரிசி தானாகவே ஒரே அளவில் இருக்கிறது.

ஈயத்தைப் பிடித்தவர்கள் களிமண்ணை ஆற்றில் விட்டார்கள். ஓட்டம் வேகமாக இருக்கும் மலையடிவாரத்தில் அது தங்காது, சமவெளியில் ஓட்டம் தளரும் இடத்தில் இறங்கும். கோலாலம்பூருக்கு வடக்கே கோலா குபுவில் 1883-இல் பழைய அணை உடைந்து ஊர் அழிந்தது. அதற்குப் பின்னும் சுரங்க வண்டல் ஆற்றுப்படுகையை உயர்த்திக்கொண்டே வர, வெள்ளம் ஊருக்குள் நுழைந்தபடி இருந்தது. 1930 வாக்கில் ஊரையே மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இன்று நாம் போகும் கோலா குபு பாரு அந்த இரண்டாவது ஊர்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடம் இன்னொரு வாசல் வழியாக வந்திருக்கும். என் பாட்டி பால்மரம் வெட்டியவர். வாளியில் கொண்டு வந்த ரப்பர்ப் பாலில் பார்மிக் ஆசிட் விட்டு ஸ்டோரில் கட்டியாக்குவார்கள். அது படிகாரத்தின் சகோதரன்: ரப்பர்த் துகள்களின் எதிர்மின்னூட்டத்தை அடக்கி ஒட்டவைக்கிறது. கையுறைக்குப் போகும் பாலோ கட்டியாகக் கூடாது, அதில் அமோனியா சேர்ப்பார்கள். ஆனால் 30 சதவீத ரப்பரை 60 சதவீதமாகக் கெட்டிப்படுத்த வேண்டும். ரப்பர் துகள் நீரைவிட இலேசானது, அதனால் மேலே வரும். ஒரு மைக்ரான் துகள் ஒரு மீட்டர் மேலேற ஆறு மாதம். எனவே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் மையவிலக்கி. புவியீர்ப்பைப் போலப் பல ஆயிரம் மடங்கு விசையைக் கொடுப்பது அதன் ஒரு பாதிதான். மறுபாதி உள்ளே இருக்கிறது: கூம்பு வடிவத் தகடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில். பால் ஆடையைப் பிரிக்கும் இயந்திரத்தை 1878-இல் சுவீடனில் குஸ்தாஃப் டெ லாவல் செய்தார். இந்தக் கூம்புத் தகடுகள் 1888-இல் கிளெமென்ஸ் ஃபான் பெக்டோல்ஷைம் என்ற ஜெர்மானியரின் யோசனை. விசையைக் கூட்டியது ஒருவர், தூரத்தைக் குறைத்தது மற்றவர். அத்தையின் பேசின் சுற்றத் தொடங்கினால் அதுதான்.

செம்பனை ஆலைக்கு வந்தால் தீர்ப்பு இன்னும் எளிது. பிழிந்த எண்ணெயில் வெந்நீரைச் சேர்த்து 90 டிகிரிச் சூட்டில் பெரிய தொட்டியில் விடுவார்கள். எண்ணெய்க்கும் நீருக்கும் அடர்த்தி வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் அந்தச் சூட்டில் நீரின் பிசுபிசுப்பு சாதாரண நீரைவிட இரண்டரை மடங்கு குறைந்துவிடுவதால் எண்ணெய்த் துளிகள் மேலே ஏறிவிடும். எனக்கு அதைவிடப் பிடித்தது உடைத்த செம்பனைக் கொட்டையின் பருப்பையும் ஓட்டையும் பிரிக்கும் களிமண் குளியல். பருப்பின் அடர்த்தி சுமார் 1.07, ஓட்டினுடையது 1.15-க்கு மேல். நீரில் களிமண்ணைக் கரைத்து 1.12 அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் பருப்பு மிதக்கும், ஓடு மூழ்கும். எந்தக் களிமண்ணை நீரிலிருந்து விரட்ட மேலே இத்தனை பாடுபட்டோமோ, அதே களிமண்ணை இங்கே வேண்டுமென்றே கரைக்கிறார்கள். அது இறங்க மறுப்பதுதான் இங்கே அதன் தகுதி.

இதுவரை ஆழத்தை ஏளனம் செய்துகொண்டே வந்தேன். ஆழம் பழிவாங்கும் ஒரு இடம் உண்டு. துகள்கள் ஒன்றையொன்று இடிக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டால் ஸ்டோக்ஸின் கணக்கு செல்லாது. அப்போது துகள் நீருக்குள் இறங்கவில்லை. நீர்தான் துகள்களின் நடுவிலிருந்து பிழிந்து வெளியேறுகிறது. அடிக்கசடு ஓரளவு கெட்டியான பின் அதைத் தொடர்ந்து கெட்டிப்படுத்துவது அதனால்தான் கடினம். சுத்திகரிப்பு நிலையங்களில் அலுமினியம் கலந்த அந்தக் கசடு 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணையிட்ட கழிவு, கண்ட இடத்தில் கொட்ட முடியாது. அதிலுள்ள தண்ணீரைப் பிழிவது ஒரு தனி வியாபாரம்.

சேற்றுப் படுகையிலிருந்து நீர் வெளியேற எடுக்கும் நேரம் படுகையின் தடிமனின் வர்க்கத்தோடு போகிறது. இரண்டு மீட்டர்ச் சேறு ஒரு மீட்டரைவிட நான்கு மடங்கு நேரம் கேட்கும், பத்து மீட்டர் நூறு மடங்கு. ஈயலம்பங்கள் விட்டுப்போன குட்டைகளின் அடியில் இருப்பது இப்படிப்பட்ட சேறுதான். சுரங்கக்காரர்கள் ஸ்லைம் என்பார்கள். மணல் என்றோ இறங்கிவிட்டது, களிமண் மட்டும் தயிர் போல நிற்கிறது. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்து லம்பங்கள் மூடிய பிறகு, குட்டைகளில் சில பூங்காவாயின, சிலவற்றை மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டினார்கள். இங்கும் பொறியாளர்கள் பழைய தந்திரத்தையே எடுத்தார்கள்: பிளாஸ்டிக் வடிகால் பட்டைகளை ஒரு மீட்டருக்கு ஒன்றாகச் சேற்றுக்குள் செங்குத்தாக இறக்கினால், நீர் பத்து மீட்டர் மேலே வர வேண்டியதில்லை, பக்கவாட்டில் அரை மீட்டர் நகர்ந்தால் போதும். தகடு போலவே, இந்த முறை நகர்வது மண் அல்ல, நீர்.

செலவைப் பார்த்து எல்லாரும் அதைச் செய்வதில்லை. பூச்சோங்கில் தங்கை வாங்கிய வீடு பழைய லம்பத்தின் மேல் நிற்கிறது. வீடு ஆழமான தூண்களின் மேல் இருப்பதால் அசையவில்லை. கார் நிறுத்தும் முன்தளத்துக்கு யாரும் தூண் வைக்கவில்லை. அது அடியிலுள்ள சேறு இறங்க இறங்கக் கூடவே இறங்குகிறது. வாசற்படிக்கும் தளத்துக்கும் நடுவே விழும் இடைவெளியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சிமென்ட் வைத்துப் பூசுகிறார்கள். இந்தப் பொங்கலுக்குப் போனபோது விரல் வைத்து அளந்தேன். போன பூச்சுக்குக் கீழே நான்கு விரல்.